கரண்ட் போன வெள்ளிக்கிழமை

கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேலே நாங்கள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

ஆரணியில் எங்கள் சபை ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் கூடியது. வெள்ளிக்கிழமை மதியம் பெண்களுக்கு உபவாச ஜெபம். பாயில் முழங்கால் போட்டால் தரையின் அதிர்வு முட்டி வழியாக ஏறிப் பல் வரை வரும். கொஞ்ச நேரத்தில் அதிர்வது தரையா உடம்பா என்று தெரியாது. ரயிலில் பாதித் தூக்கத்தில் போகிறவளைப் போல நான் எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன்.

ஆளாளுக்குத் தனித்தனியாக, ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பது எங்கள் வழக்கம். தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று யாரும் கத்துவதில்லை. அந்தச் சத்தத்துக்குக் கீழேதான் எல்லோரும் பேசினார்கள். வீட்டில் சொல்ல முடியாதது, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்ல முடியாதது எல்லாவற்றையும் அதற்குள் சொல்லிவிடலாம். தோளோடு தோள் உரச முழங்காலில் இருந்தாலும் அடுத்தவள் சொல்வது கேட்காது.

அன்று கரண்ட் போனது.

தறிகள் எல்லாம் மொத்தமாக நின்றன. பெண்களின் குரல்களும் கூடவே நின்றன. அது எங்களுக்குப் பழக்கம். கரண்ட் போனால் அந்த நொடியே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அந்த மாடிக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அன்று அவள் கவனிக்கவில்லை.

"ஆண்டவரே, எனக்கு இவங்க யாரையும் பிடிக்கல. ஒருத்தரையும் பிடிக்கல. ராஜாத்தி அக்கா வீட்டுக்கு இனிமே என்னால போக முடியாது. என்னைய எங்க அம்மாட்ட அனுப்பிரும்."

சொன்னது எப்சிபா. எங்கள் பாஸ்டரின் மனைவி.

ராஜாத்தி அக்கா எனக்கு வலப்பக்கம், முழங்காலில் இருந்தார்.

கட்டங்களுக்குள் ஒரு மயில்

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் போன வாரம், படிப்பு முடித்து ஆரணிக்கு வேலைக்கு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். அப்போது படிக்காதவர்களுக்கு இவ்வளவு போதும்: என் ஊர் சேத்துப்பட்டு. படித்தது துணித் தொழில்நுட்பம். பார்த்த வேலை, பட்டுப் புடவையின் கரைக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது.

திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை. எந்தக் கட்டத்துக்கு நிறம், எதற்கு இல்லை என்று நான் முடிவு செய்தால் தறியில் அந்த இழை மேலே எழும்பும், அல்லது எழும்பாது. காலையில் ஒரு மயிலின் அலகில் தொடங்கினால் சாயங்காலம் கழுத்துக்கு வந்திருப்பேன். ஜெபத்தில் கண்ணை மூடினாலும் கட்டங்கள் போகாது. அரக்கு நிறத்தில் ஒன்று, மாம்பழ மஞ்சளில் ஒன்று என்று இமைக்குப் பின்னால் மிதக்கும். மயில் மட்டும் வராது.

இந்த வேலையால்தானோ என்னவோ, எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குப் புரியும். ஜெபமும் அப்படித்தான். ஒன்று, அம்மாவின் சர்க்கரை. இரண்டு, தம்பியின் வேலை. மூன்று, என் கோபம். நான்கு, பி பிரிவில் சொல்ல வேண்டியவை. பி பிரிவு என்றால் கல்யாணம்.

ஜோடி சேர்த்தார்கள்

எங்கள் பாஸ்டர் ஜெபராஜ் அதிகம் பேசாதவர். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஒரு திட்டத்தை அறிவித்தார். சபையில் யாரும் தனியாக இருக்கக் கூடாது. விசுவாசத்தில் மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாகச் சேர்ந்து, வாரம் ஒருமுறை சந்தித்துப் பேசி ஜெபிக்க வேண்டும்.

"மூத்தவங்கன்னா வயசுலயா பாஸ்டர்?" என்று பின்வரிசையிலிருந்து ராஜாத்தி அக்கா கேட்டார்.

"விசுவாசத்துலக்கா."

"அத எப்டி அளக்கறது? இன்னா, தராசா வெச்சிகினு கீறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜாத்தி அக்கா தன் வீட்டில் தறிக்குப் பாவு நூல் சுற்றுகிற வேலை செய்தார். குரல் பெரியது, கை அதைவிடப் பெரியது. தோளில் தட்டி 'ஸ்தோத்திரம்மா' என்றால் அடுத்த நாள் வரை வலிக்கும்.

எனக்கு ஜோடியாக எப்சிபாவைப் போட்டார்கள். அவள் மூத்தவள், நான் இளையவள். வயதில் அவள் என்னைவிட ஒரு வருஷம் சின்னவள். திருநெல்வேலிப் பக்கம். வேதாகமக் கல்லூரியில் படித்து, கல்யாணம் ஆகி, நேராக எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். வந்த அன்றே அவளைவிட இரண்டு மடங்கு வயதான பெண்கள் 'பாஸ்டரம்மா' என்று கூப்பிட்டு, மருமகளைப் பற்றி ஆலோசனை கேட்டார்கள். அவளுக்கே புது வீட்டுச் சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்திருந்தது.

முதல் சந்திப்பு அவள் வீட்டில், துணி காயும் மொட்டைமாடியில். இரண்டு பேரும் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தோம். வங்கி மேனேஜரும் கடன் கேட்க வந்தவளும் போல.

"இந்த வாரம் வேதம் வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"ஜெபம்?"

"பண்ணேன். ரெண்டு நாள் விட்டுப்போச்சு."

"யார்மேலயாவது கசப்பு இருக்கா?"

கல்லூரி விடுதியில் எங்கள் சீனியர் ஒருத்தி இதே கேள்விகளை இதே வரிசையில் கேட்பாள். ஞாயிறு இரவு, மெஸ்ஸில் கழுவிய தட்டுகளின் ஈர வாசனை, நாலைந்து பெண்கள் ஒரு கட்டிலில். அங்கே ஒரு விதி உண்டு. கேட்கிறவளும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் நான் பதில் சொல்லிவிட்டு, "நீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்ன?"

"இந்த வாரம் உங்களுக்கு யார்மேலயாவது கசப்பு இருக்கா?"

எப்சி கொடியில் தொங்கிய பாஸ்டரின் வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் அதன் கை ஒன்று தூக்கித் தூக்கி விழுந்தது.

"எங்கிட்ட யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க" என்றாள். சட்டையைப் பார்த்தபடியே, "இருக்கு" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, "நெறைய இருக்குட்டி."

'ஏட்டி' என்பது அவர்கள் ஊரில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி உரிமையோடு கூப்பிடுவது. அதன் வால் மட்டும் அன்று வந்து விழுந்தது. அந்த நாளிலிருந்து சந்திப்பு என்னவோ வாரம் ஒருமுறைதான், ஆனால் நாங்கள் அதற்குக் காத்திருக்கத் தொடங்கினோம்.

அவளுக்குச் சொன்ன புத்தி

கல்யாணத்துக்கு முந்தைய நாள், ஊழியத்தில் பல காலம் இருந்த ஒரு பாஸ்டரம்மா எப்சியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு புத்தி சொல்லியிருக்கிறார். 'சபையில எல்லாரையும் நேசி. யாரோடயும் சிநேகிதம் வச்சுக்காத. ஒருத்திகூட ஒட்டுனா மத்தவங்க முகம் வாடும். சபை ரெண்டாப் போயிரும்.'

அதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் சபையிலேயே பாஸ்டரம்மா யார் வீட்டில் இரண்டாவது டம்ளர் காபி குடித்தார் என்று தெரிந்துவைத்திருந்தவர்கள் உண்டு. அதனால் எங்கள் சிநேகிதத்தையும் நாங்கள் ஆலோசனை என்ற பெயரில்தான் நடத்தினோம். வெளியே போனால் கையில் வேதாகமம் இருக்கும். கமண்டல நாகநதியின் மணலில் நடப்போம். தண்ணீர் இருந்தால் ஓரமாக, இல்லாவிட்டால் நடுவில். சாயங்கால வெயிலில் மணல் பழைய சரிகை மாதிரி மங்கலாக மின்னும். யாராவது எதிரில் வந்தால் எப்சி முகத்தைச் சற்றே மாற்றிக்கொள்வாள். அவர் தாண்டிப் போனதும் முகம் திரும்பி வரும்.

நான் என் ஜெபக் குறிப்புகளை வரிசையாகச் சொல்வேன்.

"ஏட்டி, ஆண்டவருக்கு ஆர்டர் ஷீட்டா அனுப்புத?" என்று சிரிப்பாள். "டெலிவரி தேதியும் போட்டிரு."

அவளுடைய குறிப்புகளுக்கு வரிசை கிடையாது. ஒருநாள் ஊர்க் கிணறு வரும். ஒருநாள் அம்மா கட்டித் தரும் வாழையிலைச் சோற்றுப் பொட்டலம். ஒருநாள், "தூக்கமே வரல நிர்மலா. கண்ண மூடுனா எல்லாரும் வரிசையா வந்து உக்காருதாங்க, ஜெபம் பண்ணுங்க பாஸ்டரம்மான்னு" என்றாள்.

"பாஸ்டர்கிட்ட சொன்னியா?"

"அவரும் பாவம். அவர் கண்ண மூடுனா அவங்க புருஷமாரு வந்து உக்காருதாங்க."

தேவிகாபுரம் பஸ்

தேவிகாபுரத்தில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு முதுகுவலி. போய் ஜெபித்துவிட்டு வரச் சொன்னார்கள். எப்சியோடு நானும் போனேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மழை வரப்போகிற மாதிரி ஒரு வெளிச்சம். கடலைச் செடி, கரும்பு, ஒரு கல் குன்று, மறுபடியும் கடலைச் செடி. ஜன்னல் வழியாக எல்லாம் பச்சைத் தண்ணீருக்குள் இருப்பது போல் போய்க்கொண்டிருந்தன. கண்டக்டர் யாரிடமோ, "இறங்குபா ஜல்தி, பேஜார் பண்ணாத" என்றது ரொம்ப தூரத்திலிருந்து கேட்டது.

எப்சி என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் வியர்வையில் ஒரு முடி ஒட்டியிருந்தது. பாஸ்டரம்மா பஸ்ஸில் தூங்கினார் என்று யாராவது போய்ச் சொல்வார்களோ என்று எனக்குப் பயம். அவள் முந்தானையை இழுத்து முகத்தில் பாதி மறைத்துவிட்டேன். என் தோள் மரத்துப்போனது. ஆரணி வராமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். என் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு ஜெபம் அது.

இப்போது யோசித்தால், எங்கள் சபையில் ஒவ்வொருவருக்கும் ஜெபிக்க ஓர் ஆள் இருந்தார். அந்த ஆள் எப்சி. எப்சிக்கு யார் என்று யாரும் நினைக்கவில்லை. தலையில் கை வைத்து ஜெபிக்கிறவளின் தலையில் யார் கை வைப்பது? அது மரியாதைக் குறைவு என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். நானும் அவளுக்காக வீட்டில் தனியாக ஜெபித்தேனே தவிர, எதிரில் உட்கார்ந்து ஜெபித்ததில்லை. வாரா வாரம் அவள்தான் முடித்துவைப்பாள்.

தறிகள் நின்ற பிறகு

அந்த வெள்ளிக்குத் திரும்புகிறேன்.

'என்னைய எங்க அம்மாட்ட அனுப்பிரும்' என்றபின் அவளுக்கும் அமைதி உறைத்தது. கண்ணைத் திறந்தாள். நாங்கள் எல்லோரும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே யாரோ சுவிட்சைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

நான் ஒரு பாட்டை ஆரம்பித்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. சுருதி எங்கேயோ மேலே போய் மாட்டிக்கொண்டது. கூடப் பாட யாரும் வரவில்லை. இரண்டாவது வரி எனக்கே மறந்துவிட்டது.

"நிறுத்து நிர்மலா" என்றார் ராஜாத்தி அக்கா.

நிறுத்தினேன்.

அவர் எழுந்தார். முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தார். எப்சியைப் பார்க்காமல், "நாங்க ஒண்ணும் கூப்டல பாஸ்டரம்மா. நீங்களா வீட்டுக்கு வந்தீங்க, நாங்களும் வாங்கன்னோம்" என்றார். படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கிப்போனது. ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். உபவாசம் முடிக்க வைத்திருந்த கஞ்சி அப்படியே இருந்தது.

எப்சி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு முனையைப் பிடித்தேன்.

"நெசமாச் சொன்னேன் நிர்மலா. அதான் பயமா இருக்கு. வாய் தவறிச் சொல்லிருந்தா பரவால்ல."

பாஸ்டர் சொன்ன அறிவிப்பு

சனிக்கிழமை சபை மூப்பர் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். சபை உடைந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. ஞாயிறு ஆராதனையில் பாஸ்டரம்மா எழுந்து, 'உடம்பு சரியில்லாததால் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை, மன்னியுங்கள்' என்று சொல்லிவிட்டால் போதும் என்றார். அதோடு முடிந்துவிடும்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லய்யா எனக்கு" என்றாள் எப்சி.

"ஒரு வார்த்தைக்குச் சொல்றதும்மா."

"என்ன பேசுனேன்னும் தெரியும்."

மூப்பர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் கையிலிருந்த காபி டம்ளரைப் பார்த்தார். இதை எனக்கு எப்சி பஸ் ஸ்டாண்டில்தான் சொன்னாள். அன்று சாயங்காலமே அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். பாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிவரப் போனார். அந்த நேரத்தில் எப்சி ஜன்னல் கம்பிக்கு உள்ளே இருந்து கேட்டாள்.

"திரும்ப வரணுமா நிர்மலா? நீ சொல்லு. நீ சொன்னா வருதேன்."

எனக்கு உடனே இரண்டு பட்டியல்கள் வந்தன. வருவதற்கான காரணங்கள், வராமல் இருப்பதற்கான காரணங்கள். முதல் பட்டியலில் முதலாவதாக நான் இருந்தேன்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். "வந்தாலும் வராட்டியும் வெள்ளிக்கிழமை போன் பண்ணுவேன்."

"வராட்டி நான் பாஸ்டரம்மா இல்லையே."

"நான் பாஸ்டரம்மாவுக்கா போன் பண்ணப்போறேன்னு நினைச்ச?"

பஸ் கிளம்பிவிட்டது. அவள் கை ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச தூரம் தெரிந்தது.

மறுநாள் ஆராதனையில் அறிவிப்பு நேரம் வந்தது. பாஸ்டரம்மாவுக்குக் காய்ச்சல் என்றோ, அவருடைய அம்மாவுக்கு முடியவில்லை என்றோ சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். சொல்லியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டோம். பாஸ்டர் ஜெபராஜ் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"என் மனைவி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. களைச்சுப் போயிட்டாங்க. நான் கவனிக்கல. எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். அடுத்து காணிக்கைப் பாட்டு.

ராஜாத்தி அக்காவின் கோபம்

எப்சி இல்லாமலும் வெள்ளிக்கிழமைகள் வந்தன. நான் மதியம் போன் செய்வேன். அவள் ஊரில் காற்று அடிக்கிற சத்தம் கேட்கும். தூங்கினேன் என்பாள். சாப்பிட்டேன், மறுபடியும் தூங்கினேன் என்பாள். ஆண்டவரிடம் எதுவும் கேட்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அவரும் சும்மாதான் இருக்கிறார் என்றாள் ஒருநாள். சபையில் யாரைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. ராஜாத்தி அக்காவைப் பற்றி மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"கூட்டத்துக்கு வர்றாங்களா?"

"இல்ல."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

ராஜாத்தி அக்காவை நான் காய்கறிக் கடையில் பார்த்தேன். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் அதை வைத்தார்.

"இன்னாமா, உன் சிநேகிதி எப்டி கீறா?" என்றார். எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது, நாங்கள் கையில் பிடித்துக்கொண்டு திரிந்த வேதாகமம் வீண்.

"நல்லா இருக்காங்கக்கா."

"நல்லா இருக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் ஆறல. எம் மருமவ கதய வாரத்துல மூணு நாளு அவகிட்ட கொட்டிகினு இருந்தேன். தலய ஆட்டி ஆட்டிக் கேட்டாளே. பிடிக்காதவ எதுக்குக் கேக்கணும்? மூஞ்சிக்கு நேரா, போதும் நிறுத்து கிழவின்னு சொல்லக் கூடாதா? நான் சொல்றேன் இல்ல எல்லாருக்கும்?"

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களாக்கா?"

"சண்ட போட்டிருப்பேன்." கொஞ்சம் யோசித்தார். "அப்புறம் போயிருப்பேன்."

"பிடிக்கலன்னாலும் கேட்டுகினு இருந்தாங்க இல்லக்கா?"

அவர் முருங்கைக்காயை மறுபடி கையில் எடுத்தார். முருங்கைக்காய்க்காரர், "அக்கா, முறிச்சத நீதான் எடுத்துக்கணும்" என்றார். "எடுத்துக்கறேன் போடா" என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்.

"அவ கதய யாராவது கேட்டீங்களாடி?"

நான் கேட்டதுண்டு. ஆனால் என் ஒருத்தியிடம் சொன்னால் போதாத அளவுக்கு அது இருந்திருக்கிறது. அவர் என் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

முதலில் போக வேண்டிய வீடு

மழைக்காலம் முடிகிற சமயம், எப்சி போன் செய்தாள். "வாரேன். பஸ் ஸ்டாண்டுக்கு வா. அவர்ட்டச் சொல்லிட்டேன், நீதான் கூப்பிட வருவன்னு."

என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. வீட்டுத் தெருவுக்கு நான் திரும்பப் போனபோது முதுகில் தட்டினாள்.

"ராஜாத்தி அக்கா வீட்டுக்குப் போ."

"இப்பவா? எப்சி, அவங்க இன்னும்..."

"தெரியும். போ."

மழை பெய்து விட்டிருந்தது. தெருவில் பாவு நீட்டியிருந்தவர்கள் அவசரமாகச் சுருட்டியிருந்தார்கள். சாயப் பட்டறைத் தண்ணீர் ஓடிய ஓரத்தில் மட்டும் ஒரு குங்கும நிறம் நின்றது. வண்டி அதன் மேல் போனபோது நிறம் உடைந்து மறுபடி சேர்ந்தது.

ராஜாத்தி அக்கா வாசலுக்கு வந்தார். எப்சியைப் பார்த்தார். 'வாங்க' என்று சொல்லவில்லை, கதவை அடைக்கவும் இல்லை.

"நான் அன்னைக்குச் சொன்னது நெசந்தான்க்கா" என்றாள் எப்சி, வாசலில் நின்றபடியே. "உங்க காது கேக்கச் சொன்னதுக்கு வருத்தம். ஆனா அன்னைக்கு அது நெசம்."

"இன்னிக்கு?"

"இன்னைக்குப் பசிக்கி. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல."

ராஜாத்தி அக்காவுக்கு இது எதிர்பாராதது. அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருந்தும், எப்சி தனக்கென்று கேட்டது அதுவே முதல் தடவை.

"களிதான் கீது" என்றார். "கருவாட்டுக் கொழம்பு. உங்க ஊரு வாய்க்குப் பிடிக்குமோ என்னமோ."

"பிடிக்கலன்னா சொல்லுதேன்."

"சொல்லு. சொல்லித் தொல."

உள்ளே போனோம். கேழ்வரகுக் களியை எப்சி மென்றாள். "அய்ய, அத மெல்லாதம்மா, குழம்புல தோச்சி அப்டியே முழுங்கு" என்று ராஜாத்தி அக்கா பதறினார். முழுங்கினாள். தொண்டையில் நின்றுவிட்டது. முதுகில் அந்தப் பெரிய கையால் இரண்டு தட்டு. எப்சிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ராஜாத்தி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எல்லாக் கதைகளிலும் வில்லியாக வந்தவளை அன்றுதான் நான் நேரில் பார்த்தேன். மாமியாரைப் போலவே அவளுக்கும் பெரிய கைகள்.

சாப்பிட்டு முடித்து எழுந்தோம்.

பாஸ்டரம்மா ஒரு வீட்டுக்குப் போனால், கிளம்பும்போது நின்று ஜெபித்துவிட்டுத்தான் படி இறங்குவார். வீட்டுக்காரர்கள் கை கட்டித் தலை குனிவார்கள். அந்த வழக்கப்படி ராஜாத்தி அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

எப்சியும் முந்தானையைத் தலையில் போட்டாள். கண்ணை மூடினாள். ஒன்றும் சொல்லவில்லை.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். இரண்டு பேரும் தலை குனிந்து எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டு. கூரை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. மருமகள் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றாள். ராஜாத்தி அக்கா ஒரு கண்ணைத் திறந்து எப்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் பெரிதாக மூச்சு விட்டார். பிறகு அந்தக் கை மெதுவாக எழுந்து எப்சியின் தலைமேல் போனது. தொடலாமா என்று ஒரு நொடி காற்றிலேயே நின்று, இறங்கியது.

"ஏசப்பா" என்றார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "இந்தப் பொண்ணுக்கு எங்களப் பிடிக்கலயாம். பரவால்ல. எங்களுக்கே சில நாளு எங்களப் பிடிக்கறதில்ல. அவ நல்லாத் தூங்கட்டும். வேளைக்குச் சாப்டட்டும். அவங்க அம்மா நல்லா இருக்கட்டும். வேற இன்னா கேக்கறதுன்னு எனக்குத் தெரில. ஆமென்."

நானும் மருமகளும் ஆமென் சொன்னோம். எப்சி சொல்லவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. தலையில் இருந்த கையை, எடுத்துவிடப் போகிறாரோ என்பது போல், தன் இரண்டு கைகளாலும் மேலே பிடித்துக்கொண்டாள்.

"சரியாப் பண்ணனா பாஸ்டரம்மா?" என்று கேட்டார் ராஜாத்தி அக்கா, பயந்துபோய்.

"தெரியலக்கா" என்றாள் எப்சி. "இன்னொரு தடவ பண்ணுங்க."